ஒரே தட்டில் இரண்டு குழுக்கள்: 'ஹெட்கேர்ள்' வந்த கதை

1981 பிப்ரவரி 19 அன்று பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஏழு பேர் கொண்ட ஒரு ராக் குழு மேடையேறியது. ஆண்கள் மூவர், பெண்கள் நால்வர். பெயர் 'ஹெட்கேர்ள்'. அந்தப் பெயரில் ஒரு குழு அதற்கு முன் இருந்ததில்லை. மூவரில் ஒருவர் இங்கிலாந்தின் மிக முரட்டுத்தனமான டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவராகப் பெயரெடுத்தவர். ஆனால் அன்று அவர் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. குச்சிகள் ஒரு பெண்ணின் கையில் இருந்தன. பாடலோ 22 ஆண்டுகள் பழையது. இத்தனை வினோதங்களோடு வந்த அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறியது. ஹெட்கேர்ள் என்பது மோட்டர்ஹெட், கேர்ள்ஸ்கூல் என்ற இரு குழுக்களின் கூட்டு. அவ்விரு குழுக்களும் தனித்தனியாக வெளியிட்ட எந்தச் சிங்கிளும், அதற்கு முன்போ பின்போ, அந்த உயரத்தைத் தொடவில்லை.

'செயின்ட் வாலண்டைன்ஸ் டே மாசக்கர்' (காதலர் தினப் படுகொலை) என்பது அந்த ஈ.பி. தட்டின் தலைப்பு. ஈ.பி. என்பது சிங்கிளைவிடப் பெரியது, முழு ஆல்பத்தைவிடச் சிறியது. இரண்டு குழுக்கள் ஒரே தட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் 'ஸ்பிளிட்' தட்டுகள் ராக் இசையில் ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: செலவு மிச்சம். பெரும்பாலும் அது சரியான விளக்கமும்கூட. ஆனால் இந்தத் தட்டுக்கு அது பொருந்தாது. வேறு எது பொருந்தும் என்று பார்த்தால், இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகளில் சில ஏன் உயிரோடு இருக்கின்றன, பல ஏன் பிறந்த அன்றே செத்துப்போகின்றன என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் செலவுக் கணக்கையே பார்த்துவிடலாம். வினைல் தட்டு அச்சடிப்பதில் பெரும் பணம் முதல் பிரதி வெளிவருவதற்கு முன்பே போய்விடுகிறது. ஒலிப்பதிவை அரக்குப் பூசிய வட்டில் வெட்ட வேண்டும், அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும், உறை அச்சிட வேண்டும். 300 பிரதி எடுத்தாலும் 3000 பிரதி எடுத்தாலும் இந்த ஆரம்பச் செலவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கையில் காசில்லாத இரண்டு குழுக்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டால் ஆரம்பச் செலவு பாதியாகிறது. அச்சான பிரதிகளையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் கச்சேரி வாசலில் விற்கலாம். ஒரு குழுவின் ரசிகன் வீட்டுக்குக் கொண்டுபோகும் தட்டின் மறுபக்கத்தில் இன்னொரு குழு உட்கார்ந்திருக்கும். என்றாவது ஒருநாள் அவன் தட்டைத் திருப்பித்தானே ஆக வேண்டும்.

1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, சொந்தமாகக் கடன் திரட்டிய 500 பவுண்டில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற ஈ.பி.யைத் தாங்களே வெளியிட்டது. பெரிய நிறுவனம் இல்லாமலும் தட்டுப் போடலாம் என்ற துணிச்சல் அதற்குப் பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஸ்பிளிட் தட்டு அந்தச் சூழலில் செழித்த வடிவம். 1982இல் வாஷிங்டனின் டிஸ்கார்ட் நிறுவனம் வெளியிட்ட ஃபெய்த், வாய்ட் குழுக்களின் தட்டு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் ஃபெய்த், மறுபக்கம் வாய்ட். இருவரும் ஒருவர் பக்கத்தில் மற்றவர் கால் வைக்கவில்லை. ஃபெய்த்தின் பாடகர் அலெக் மெக்காய், டிஸ்கார்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான இயன் மெக்காயின் தம்பி. அந்த வட்டாரத்து இசையின் மையத்தில் இருந்தவர். வாய்ட் மேரிலாந்தின் கொலம்பியா என்ற புறநகரிலிருந்து வந்த குழு. ஃபெய்த்தின் பக்கம் கட்டுக்கோப்பானது. வாய்ட்டின் பக்கம் எந்த நொடியும் உடைந்து சிதறிவிடும் போலிருக்கும். இன்று அந்தத் தட்டைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிதறும் பக்கத்துக்காகத்தான் போகிறார்கள். அந்த வகையில் பக்கத்துக்குப் பக்கம் பங்கிடுவது கொஞ்சம் கொடூரமானது: கேட்பவர் ஒப்பிடாமல் இருக்க முடியாது.

மோட்டர்ஹெட்டுக்கும் கேர்ள்ஸ்கூலுக்கும் இந்தப் பணக் கவலை இல்லை. இரு குழுக்களும் ஜெரி ப்ரோன் நடத்திய ப்ரோன்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் இருந்தன. மோட்டர்ஹெட்டின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' ஆல்பம் 1980 நவம்பரில் வெளிவந்து 4ஆம் இடத்தைப் பிடித்திருந்தது. தட்டு அடிக்கக் காசில்லை என்று யாரும் கையைப் பிசைந்துகொண்டிருக்கவில்லை. அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு கழுத்துக் காயம்.

1980 டிசம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவே, கச்சேரி முடிந்த பிறகு நண்பர்களோடு விளையாட்டாக ஒருவரையொருவர் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மோட்டர்ஹெட்டின் ஃபில் டெய்லர் தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. இரட்டை பேஸ் டிரம்மை இடைவிடாமல் உதைத்து வாசிப்பதற்குப் பேர்போன மனிதருக்கு வாரக்கணக்கில் வாசிக்கவே கூடாது என்றாகிவிட்டது. குழு மிகச் சூடாக இருந்த நேரம் அது. சந்தையில் பெயர் ஆறிப்போகாமல் இருக்க ஏதாவது வேண்டும், ஆனால் டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. பக்கத்திலேயே ஒரு டிரம்ஸ் கலைஞர் இருந்தார்: கேர்ள்ஸ்கூலின் டெனிஸ் டஃபோர்ட்.

பக்கத்திலேயே என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேர்ள்ஸ்கூல் தெற்கு லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளித் தோழிகளான கிம் மெக்கலிஃப், ஈனிட் வில்லியம்ஸ் இருவரிடமிருந்து தொடங்கிய குழு. முதலில் 'பெயின்டட் லேடி' என்று பெயர். 1978இல் கிட்டார் கலைஞர் கெல்லி ஜான்சனும் டெனிஸும் சேர்ந்த பிறகுதான் கேர்ள்ஸ்கூல் ஆனது. ஒரு சின்ன நிறுவனத்தில் அவர்கள் போட்ட முதல் சிங்கிள் மோட்டர்ஹெட்டின் தலைவர் லெம்மி கில்மிஸ்டரின் காதில் விழுந்தது. தன் மேலாளர் டக் ஸ்மித்தை அழைத்துக்கொண்டு போய் நேரில் பார்த்தார். 1979 வசந்தத்தில் 'ஓவர்கில்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் அந்த நால்வரையே முன்வரிசைக் குழுவாக, அதாவது தங்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக, அழைத்துப்போனார். டக் ஸ்மித்தே கேர்ள்ஸ்கூலுக்கும் மேலாளரானார். அவர் வழியாக ப்ரோன்ஸ் ஒப்பந்தம் வந்தது. ஜெரி ப்ரோனே நேரில் வந்து வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தயாரிப்பாளரும் ஒருவரே. ரிக்மன்ஸ்வொர்த் என்ற ஊரில் இருந்த ஜாக்சன்ஸ் ஸ்டுடியோவில் விக் மெய்ல் என்பவர் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தார். கேர்ள்ஸ்கூலின் முதல் ஆல்பம் 'டெமாலிஷன்', அடுத்த ஆல்பம் 'ஹிட் அண்ட் ரன்' இரண்டும் அவர் கைவண்ணம்தான். தி ஹூ குழுவின் புகழ்பெற்ற லீட்ஸ் கச்சேரிப் பதிவு, லெம்மி முன்பு இருந்த ஹாக்விண்ட் குழுவின் கச்சேரிப் பதிவு ஆகியவற்றிலும் பணியாற்றியவர். மேடையில் ஒரு குழு எப்படி ஒலிக்கிறதோ அதைக் கெடுக்காமல் நாடாவில் ஏற்றத் தெரிந்தவர். 1989இல் இறந்துபோன அவருடைய பெயர் ரசிகர்களுக்கு வெளியே அதிகம் தெரியாது. இந்தக் கதையில் அவர் இல்லாவிட்டால் கழுத்துக் காயம் வெறும் கழுத்துக் காயமாகவே போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக, ஒரே மேலாளர், ஒரே நிறுவனம், ஒரே தயாரிப்பாளர், ஒரே ஸ்டுடியோ, இரண்டு ஆண்டுச் சாலைப் பழக்கம். இவ்வளவும் ஏற்கெனவே பொதுவாக இருந்தன. தட்டு மட்டும்தான் பொதுவாக இல்லாமல் இருந்தது.

தட்டில் மூன்றே பாடல்கள். முதல் பக்கத்தில் இரு குழுக்களும் சேர்ந்து வாசித்த 'ப்ளீஸ் டோன்ட் டச்'. மறுபக்கத்தில் மோட்டர்ஹெட்டின் 'பாம்பர்' பாடலைக் கேர்ள்ஸ்கூல் வாசிக்கிறது. அடுத்து கேர்ள்ஸ்கூலின் 'எமர்ஜென்சி' பாடலை மோட்டர்ஹெட் வாசிக்கிறது. பார்க்க எளிய ஏற்பாடு. ஆனால் ஸ்பிளிட் தட்டின் பழைய நோய்கள் இரண்டுக்கு இது மருந்து. முதல் நோய், எது 'ஏ' பக்கம் என்ற மனத்தாங்கல். தட்டுக்கு முன்னும் பின்னும் உண்டு. யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். பிற்காலச் சிறு நிறுவனங்கள் உறையின் இருபுறத்தையும் முன்னட்டையாக்கி, பக்கங்களுக்கு எழுத்து போடாமல்கூட இதைச் சமாளித்திருக்கின்றன. ஹெட்கேர்ள் தட்டில் முன்பக்கம் இருவருக்கும் பொது, பின்பக்கம் ஆளுக்குப் பாதி. இரண்டாவது நோய், பக்கங்களுக்கு இடையே பேச்சே இல்லாமல் போவது. இங்கே ஒருவர் சொத்து மற்றவர் கையில் இருக்கிறது. பேசாமல் இருக்க வழியில்லை.

பொதுவான பாடலைத் தேர்ந்தெடுத்ததிலும் சூட்சுமம் உண்டு. 'ப்ளீஸ் டோன்ட் டச்' 1959இல் ஜானி கிட் அண்ட் தி பைரேட்ஸ் குழுவின் முதல் சிங்கிள். பீட்டில்ஸ் வருவதற்கு முன் பிரிட்டனில் முளைத்த ராக் அண்ட் ரோலின் கரடுமுரடான சில பாடல்களில் ஒன்று. அப்போது லெம்மிக்கு 13 வயது. கேர்ள்ஸ்கூல் பெண்கள் அப்போதுதான் பிறந்திருந்தார்கள், அல்லது பிறக்கவே இல்லை. அது இரண்டு குழுக்களில் யாருடையதும் அல்ல. மோட்டர்ஹெட் எழுதிய புதுப் பாடலாக இருந்திருந்தால் கேர்ள்ஸ்கூல் விருந்தாளி. கேர்ள்ஸ்கூல் எழுதியதாக இருந்திருந்தால் மோட்டர்ஹெட் தயவு காட்டியதாக ஆகும். செத்துப்போன பாடகர் ஒருவரின் பழைய பாடலில் இருவரும் சமமாகக் குடியேற முடிந்தது. லெம்மியும் கெல்லி ஜான்சனும் மாறி மாறிப் பாடுகிறார்கள். லெம்மியின் குரல் சரளைக்கல்லை அரைப்பது போன்றது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். கெல்லியின் குரலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சோம்பலும் ஏளனமும் கலந்த, எதற்கும் அவசரப்படாத குரல் அது. இரண்டும் மோதும்போது பாடலின் பொருளே மாறிவிடுகிறது. ஒருவரின் தொடுதலில் நடுங்கிப்போகும் இளைஞனின் புலம்பலாக இருந்தது, இருவர் ஒருவரையொருவர் சீண்டும் ஆட்டமாக ஆகிறது.

மறுபக்கம் இன்னும் சுவாரசியமானது. 'பாம்பர்' மோட்டர்ஹெட்டுக்கு வெறும் பாடல் அல்ல. 1979இல் அதே பெயரில் ஆல்பம் வந்தபோது, குண்டுவீச்சு விமானத்தின் வடிவில் அலுமினியக் குழாய்களால் பிரம்மாண்டமான விளக்குச் சட்டம் ஒன்றைச் செய்து, மேடையில் தலைக்கு மேல் ஏற்றி இறக்கினார்கள். கச்சேரிக்கு வந்தவர்கள் மறக்காமல் சொன்ன காட்சி அது. குழுவின் கொடி என்று சொல்லத்தக்க பாடலைத் தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கேர்ள்ஸ்கூல் அதைப் பயபக்தியோடு வாசிக்கவில்லை. லெம்மியின் பேஸ் கிட்டார் மூலப் பாடலில் தாள கிட்டாரின் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு உறுமும். கேர்ள்ஸ்கூலில் இரண்டு கிட்டார்கள் உண்டு, பேஸ் தன் இடத்தில் இருக்கும். அதனால் அதே பாடல் இங்கே இன்னும் தெளிவாக, பற்கள் தெரியும்படி ஒலிக்கிறது. ராணுவ லாரி போலிருந்த பாடலுக்கு மோட்டார் சைக்கிள் வேகம் வந்துவிடுகிறது.

'எமர்ஜென்சி' எதிர்த்திசையில் போகிறது. அதைப் பாடுவது லெம்மி அல்ல, அரிதாகவே பாடிய கிட்டார் கலைஞர் எடி கிளார்க். டிரம்ஸில் டெய்லர் இல்லை, டெனிஸ்தான். அதாவது கேர்ள்ஸ்கூல் பாடலை மோட்டர்ஹெட் வாசிக்கிறது என்று உறை சொன்னாலும், மூன்று பேரில் ஒருவர் அந்தப் பாடலின் சொந்தக்காரர். மூன்று பாடல்களையும் ஒரே ஜோடிக் கைகள்தான் ஓட்டுகின்றன. தட்டைப் பற்றிப் பேசுபவர்கள் லெம்மியைப் பற்றியே பேசுகிறார்கள். இதில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை உழைத்தவர் டெனிஸ் டஃபோர்ட் என்பதைச் சொல்வதில்லை. டெய்லரைப் போல வாசிக்க அவர் முயலவே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அடி நேராக விழுகிறது, அலங்காரம் குறைவு, ஆனால் பாடல் தள்ளாடுவதில்லை. டெய்லர் இருந்திருந்தால் இந்தத் தட்டு நிச்சயமாக வேறு மாதிரி இருந்திருக்கும். நன்றாக இருந்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவின் நார்த் கிளார்க் தெருவில் ஒரு கார் கொட்டகையில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல் கபோன் கும்பலின் வேலை என்பது பொதுவான நம்பிக்கை. காதலர் தினத்தை ஒட்டி வரும் தட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் மலர்களும் இதயங்களும்தான் உறையில் இருக்கும் என்பது வழக்கம். இவர்கள் கொள்ளைக் கூட்டத்தினர் வேடத்தில் நின்றார்கள். மலிவான வேடிக்கைதான், ஆனால் நால்வரையும் அலங்காரப் பொம்மைகளாக்காத வேடிக்கை. 1981இல் பெண்கள் ராக் குழுவை நிறுவனங்கள் எப்படிப் படம்பிடித்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படாது.

வினைலின் பௌதிகமும் இங்கே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் வரை ஒலியைத் தாராளமாக வெட்டலாம். அதற்கு மேல் போனால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், முக்கியமாகப் பேஸ் ஒலியை. அதுதான் பள்ளத்தை அதிகமாக ஆட்டி அகலப்படுத்துவது. சத்தமே தொழிலாக இருந்த குழுக்களுக்கு இது சங்கடம். மறுபக்கத்தில் இரண்டு பாடல் என்றால் ஆறு நிமிடத்தைத் தாண்டிவிடும். இந்தத் தட்டு பத்து அங்குல அளவிலும் வெளிவந்தது. விட்டம் கூடக் கூட ஊசிக்கு ஓட இடம் கிடைக்கிறது. இரண்டையும் வைத்துக் கேட்டால் பத்து அங்குலத்தின் மறுபக்கம்தான் மூச்சு விடுகிறது.

விற்பனையைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் லாபமே. தட்டு வெள்ளித்தட்டு அங்கீகாரம் பெற்றது. மோட்டர்ஹெட் தன் அடுத்த சுற்றுப்பயணத்துக்கு டெய்லரின் கழுத்தைக் கேலி செய்யும் விதமாகக் 'கழுத்தில் சுருக்கென்ற வலி' என்ற பொருளில் பெயர் வைத்தது. மார்ச் இறுதியில் லீட்ஸிலும் நியூகாசிலிலும் பதிவான அந்தக் கச்சேரிகள் ஜூனில் 'நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்' ஆல்பமாக வந்து முதலிடத்தைப் பிடித்தன. கேர்ள்ஸ்கூலின் 'ஹிட் அண்ட் ரன்' ஏப்ரலில் வெளியாகி 5ஆம் இடத்துக்குப் போனது. முந்தைய ஆண்டின் 'டெமாலிஷன்' 28ஆம் இடத்தோடு நின்றிருந்ததை நினைத்தால் தாவல் தெரியும்.

ஆனால் கணக்கு சமமானது என்று நான் சொல்லமாட்டேன். மோட்டர்ஹெட்டின் வரலாற்றில் ஹெட்கேர்ள் ஒரு வேடிக்கையான பக்கக் கதை. கேர்ள்ஸ்கூலின் வரலாற்றில் அது பாதிக் கதையாகிவிட்டது. அவர்களைப் பெண் மோட்டர்ஹெட் என்று அழைப்பது பத்திரிகைகளுக்கு அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. மோட்டர்ஹெட்டை யாரும் ஆண் கேர்ள்ஸ்கூல் என்று அழைக்கவில்லை. 1982 தொடக்கத்தில் ஈனிட் வில்லியம்ஸ் விலகினார். அந்த ஆண்டு வந்த ஆல்பம் முந்தையதன் உயரத்தைத் தொடவில்லை. கூட்டுத் தட்டுதான் அதற்குக் காரணம் என்று சொல்வது அநியாயம். பெரிய பெயரோடு ஒரே உறையில் இருப்பதன் விலை உடனே தெரிவதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இதே அச்சில் இரண்டாவது தட்டு ஒன்றையும் மோட்டர்ஹெட் வார்த்தது. அதன் கதைதான் இந்தக் கட்டுரைக்குச் சரியான எதிர்ச்சாட்சி. 1982 மே மாதம், வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் தொடக்கம். நியூயார்க்கின் பிளாஸ்மாடிக்ஸ் குழுவின் பாடகி வெண்டி ஓ. வில்லியம்ஸோடு ஒரு ஈ.பி. செய்வது என்று முடிவானது. மேடையில் கிட்டாரை மின்ரம்பத்தால் அறுப்பதும் காரை வெடிக்க வைப்பதும் வெண்டியின் வழக்கம். திட்டம் ஹெட்கேர்ளின் நகல் என்றே சொல்லலாம்: ஒரு பழைய பாடலைச் சேர்ந்து பாடுவது, பிறகு ஆளுக்கொரு பாடலை மாற்றிக்கொள்வது. பழைய பாடலாக, டாமி வைனெட் 1968இல் பாடிய 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' என்ற கன்ட்ரி பாடலைத் தேர்ந்தெடுத்தார்கள். மோட்டர்ஹெட்டின் 'நோ கிளாஸ்' வெண்டிக்கு, பிளாஸ்மாடிக்ஸின் 'மாஸ்டர்பிளான்' லெம்மிக்கு.

தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எடி கிளார்க். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குச் சகிக்கவில்லை. இந்தத் தரத்தில் குழுவின் பெயரைப் போடக் கூடாது என்று பாதியில் எழுந்து போனார். மே 14 அன்று நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் நடந்ததே மோட்டர்ஹெட்டில் அவருடைய கடைசிக் கச்சேரி. 1976 முதல் மாறாமல் இருந்த மூவர் அணி ஒரு ஈ.பி.யால் உடைந்தது. முன்பு தின் லிஸ்ஸி குழுவில் இருந்த பிரையன் ராபர்ட்சன் அவசர அவசரமாக இடத்தை நிரப்பினார். தட்டு பிறகு வெளிவந்தது. முந்தையதைப் போல யாரும் கொண்டாடவில்லை.

அதே குழு, அதே நிறுவனம், அதே மூன்று பாடல் கட்டுமானம். ஒன்று இரு குழுக்களுக்கும் ஆகச் சிறந்த சிங்கிள் விற்பனையைத் தந்தது. மற்றது ஒரு குழுவை உடைத்தது. கிளார்க்குக்கும் லெம்மிக்கும் இடையே ஏற்கெனவே புகைச்சல் இருந்தது, அவர் தயாரித்த 'அயர்ன் ஃபிஸ்ட்' ஆல்பம் பலருக்குத் திருப்தி தரவில்லை என்பதெல்லாம் உண்மை, ஈ.பி. வெறும் கடைசித் துரும்பு என்று வாதிடலாம். இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கேர்ள்ஸ்கூல் விஷயத்தில் கூட்டு முதலில் வந்தது, தட்டு பிறகு வந்தது. வெண்டி விஷயத்தில் தட்டின் யோசனை முதலில் வந்தது. கூட்டு அதற்குப் பின்னால் ஓடி வர வேண்டியிருந்தது. லெம்மிக்கு வெண்டி மீது இருந்த மதிப்பு நிஜமானது. ஆனால் அது லெம்மியின் மதிப்பு, குழுவின் மதிப்பு அல்ல. பழைய பாடலின் தேர்வும் சரியில்லை என்றே நினைக்கிறேன். ஜானி கிட் பாடலை இரு தரப்பும் நேசித்து வாசித்தார்கள். டாமி வைனெட் பாடலைக் கேலி செய்யத்தான் எடுத்தார்கள்; கேலி மூன்று நிமிடத்துக்குத் தாங்காது.

பாடல்களை மாற்றிக்கொள்ளும் முறை அதற்குப் பிறகும் நல்ல தட்டுகளைத் தந்திருக்கிறது. 1988 இறுதியில் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட ஏழு அங்குலத் தட்டில், நியூயார்க்கின் சோனிக் யூத் 'டச் மீ ஐ'ம் சிக்' பாடலை வாசித்தது. அது மட்ஹனி என்ற புதிய குழு சில மாதங்களுக்கு முன்தான் வெளியிட்ட முதல் சிங்கிள். பதிலுக்கு மட்ஹனி சோனிக் யூத்தின் 'ஹாலோவீன்' பாடலை எடுத்துக்கொண்டது. மூத்த குழு இளைய குழுவின் பாடலைப் பாடுவதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் இந்த உலகில் கிடையாது. அடுத்த ஆண்டு பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கும் சோனிக் யூத் மட்ஹனியை அழைத்துப்போனது. லெம்மி கேர்ள்ஸ்கூலுக்குச் செய்ததும் இதுவே; வரிசை மட்டும் மாறியிருக்கிறது. 2002இல் கலிஃபோர்னியாவின் நோஃபெக்ஸ், ரான்சிட் குழுக்கள் பி.ஒய்.ஓ. நிறுவனத்துக்காக இதை முழு ஆல்பமாகவே செய்தன: ஒருவர் பாடல்களில் ஆறை மற்றவர் பாடினார்கள். நோஃபெக்ஸின் பக்கம் ரான்சிட்டின் பாடல்களை எங்கெங்கோ இழுத்துப்போகிறது. ரான்சிட் கொஞ்சம் மரியாதையோடு நடந்துகொள்கிறது. மரியாதை இந்த வடிவத்துக்கு அவ்வளவு நல்லதல்ல.

1993 பிப்ரவரியில் டச் அண்ட் கோ நிறுவனம் வெளியிட்ட நிர்வாணா, ஜீசஸ் லிசர்ட் தட்டு வேறு வகை. பாடல் மாற்றம் இல்லை, ஆளுக்கொரு பாடல். அப்போது நிர்வாணா உலகப் புகழின் உச்சியில், கெஃபென் என்ற பெருநிறுவனத்தின் சொத்து. ஜீசஸ் லிசர்ட் சிறு அரங்குகளின் குழு. பிரிட்டனில் அந்தத் தட்டு 12ஆம் இடம் வரை போனது. விற்றது யாருடைய பெயருக்காக என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. செலவைப் பகிரத் தொடங்கிய வடிவம், இங்கே புகழைப் பகிரும் வடிவமாக மாறியிருக்கிறது. எனக்கு அதில் ஜீசஸ் லிசர்ட்டின் பக்கம்தான் பிடிக்கும்.

2006இல் அமெரிக்காவின் சன், டோக்கியோவின் போரிஸ் ஆகிய குழுக்கள் 'ஆல்டர்' ஆல்பத்தில் பக்கம் பிரிப்பதையே விட்டுவிட்டன. எல்லோரும் எல்லாப் பாடலிலும் கலந்துவிட்டதால் எந்தக் கிட்டார் யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹெட்கேர்ளின் முதல் பக்கம் எட்டிப்பார்த்த இடத்தில் அந்த ஆல்பம் குடித்தனமே நடத்துகிறது.

மோட்டர்ஹெட்டும் கேர்ள்ஸ்கூலும் பிரியவில்லை. கெல்லி ஜான்சன் 2007இல் புற்றுநோயால் இறந்த பிறகும், அணி மாறி மாறி வந்த பிறகும் அந்த நட்பு தொடர்ந்தது. 2015 இறுதியில் மோட்டர்ஹெட்டின் 40ஆம் ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் முன்வரிசைக் குழுக்களில் ஒன்றாகக் கேர்ள்ஸ்கூல் இருந்தது. அதுவே மோட்டர்ஹெட்டின் கடைசிச் சுற்றுப்பயணம் ஆனது. டிசம்பர் 28 அன்று லெம்மி இறந்தார். டெய்லர் அதற்கு முந்தைய மாதமே போய்விட்டார். கிளார்க் 2018 ஜனவரியில்.

தட்டுக்குத்தான் பாகப்பிரிவினை நடந்தது. வினைல் போய்க் குறுந்தகடு வந்ததும் பழைய ஈ.பி.க்கள் ஆல்பங்களின் வாலில் ஒட்டப்பட்டன. 1996இல் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' மறுபதிப்பானபோது கூடுதல் பாடல்களில் 'ப்ளீஸ் டோன்ட் டச்', 'எமர்ஜென்சி' இரண்டும் சேர்ந்தன. மோட்டர்ஹெட் வாசித்தவை அவை இரண்டும்தானே என்பது நிறுவனத்தின் நியாயம். கேர்ள்ஸ்கூல் வாசித்த 'பாம்பர்' அதில் இல்லை. அதைக் கேர்ள்ஸ்கூலின் பெயரிலுள்ள வெளியீடுகளில் தேட வேண்டும். இப்படிப் பிரித்துக் கேட்பவருக்கு 'எமர்ஜென்சி' மோட்டர்ஹெட்டின் ஒரு சுமாரான உபரிப் பாடலாகவே தோன்றும். முன்னால் 'பாம்பர்' ஓடி முடிந்திருந்தால்தான் அது பதில் என்பது புரியும். மூன்றையும் அவற்றின் வரிசையில் கேட்க விரும்புகிறவர்கள் பழைய தட்டையே வாங்கலாம். வெள்ளித்தட்டு பெறும் அளவுக்கு விற்றது என்பதால் அது அரும்பொருள் ஒன்றும் அல்ல. கிடைத்தால் பத்து அங்குலத்தை எடுங்கள்.